டைல்ஸைத் திருப்பிப் பாருங்கள்



சென்ற மே மாதம் ஒரு பிற்பகல், எங்கள் ஹாலில் 'டப்' என்று பெரிய சத்தம். போய்ப் பார்த்தால் நான்கு டைல்ஸ் கூரை மாதிரி எழும்பி நின்றன. மேஸ்திரியை வரவழைத்து, "சிமென்டைக் குறைச்சிட்டீங்க" என்று சத்தம் போட்டேன். "மொசைக் காலத்துல இருந்து இப்படித்தான் சார் ஒட்டறேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. கோளாறும் அதில்தான் இருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

வங்கியில் கணக்கு ஒத்துவராவிட்டால் வவுச்சரை எடுத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் ஒரு டைல்ஸைத் திருப்பினேன். பின்புறம் கடையில் வாங்கியபோது இருந்ததுபோல் சுத்தமாக இருந்தது. கீழே கலவை கல்லாக இறுகி, டைல்ஸின் பின்புற வரிகள் அதில் அச்சாகப் பதிந்திருந்தன. கலவை நன்றாகத்தான் இருந்தது. டைல்ஸைத்தான் அது பிடிக்கவில்லை.

நாம் சிறுவயதில் பார்த்த தரைகளை நினைத்துப் பாருங்கள். சாணம் மெழுகிய தரை, பிறகு ரெட் ஆக்சைடு தரை. இவற்றில் தனித்துண்டு கிடையாது, பெயர்வதற்கும் வழியில்லை. பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அந்தச் செங்களிமண் ஓடு தண்ணீரை உறிஞ்சும். கண்ணாடி மேல் வண்ணச் சிமென்டை ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடிக் கல்லுக்கும், நம் அரசு அலுவலகங்களில் தேய்ந்து கிடக்கும் மொசைக் கல்லுக்கும் பின்புறம் சொரசொரப்பான சிமென்ட்தான். சிமென்ட் பால் அந்த நுண்துளைகளில் இறங்கி, வேர் பிடித்ததுபோல் இறுகிவிடும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை இழுத்துவிடக் கூடாது என்றுதான் முன்கூட்டியே தண்ணீரில் ஊறவைத்தார்கள்.

1990-களுக்குப் பிறகு விட்ரிஃபைடு டைல்ஸ் வந்தது. மிக அதிக வெப்பத்தில் சுட்ட இந்த டைல்ஸ், தன் எடையில் 0.5 சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. சிமென்ட் பால் இறங்க இடமே இல்லை. கல் மாறியது, ஒட்டும் முறை மாறவில்லை. ஆனால் வழி ஏற்கெனவே இருந்தது. 1956-லேயே அமெரிக்காவில் ஹென்றி ராத்பெர்க் என்ற வேதிப்பொறியாளர் சிமென்டில் ரப்பர்பால் போன்ற லேடெக்ஸைக் கலந்து ஒட்டும் கலவையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வழவழப்பான பரப்பையும் அது பிடிக்கும். நம் நாட்டில் டைல்ஸ் பசைக்கான ஐ.எஸ். 15477 தரநிர்ணயம் 2004-ல் வந்தது. 2019-ல் திருத்தப்பட்டு, பசை 5 வகையாகப் பிரிக்கப்பட்டது.

ஆகவே, உங்கள் வீட்டில் டைல்ஸ் பெயர்ந்தால் இதைப் பாருங்கள்:

1. பின்புறம் சுத்தமாக இருந்தால்: டைல்ஸுக்கு ஏற்ற பசை இல்லை, அல்லது கலவை காய்ந்த பிறகு வைத்திருக்கிறார்கள்.

2. கலவை முழுவதும் டைல்ஸோடு வந்துவிட்டால்: அடித்தளத்தில் தூசி, பெயின்ட் அல்லது எண்ணெய் இருந்திருக்கிறது.

3. கலவை கையில் உதிர்ந்தால்: சிமென்ட் குறைவு, அல்லது ஈரம் சீக்கிரம் வற்றியிருக்கிறது.

4. நடுவில் மட்டும் பசை, மூலைகளில் காலி என்றால்: உருண்டையாக வைத்து அமுக்கியிருக்கிறார்கள். பல் வைத்த கரணையால் முழுப் பரப்பிலும் இழுத்திருக்க வேண்டும்.

5. கூரை மாதிரி எழும்பினால்: பிடிப்புக் குறைவோடு இடைவெளியும் இல்லை. கான்கிரீட் காய்ந்து சுருங்கும், டைல்ஸ் வெயிலில் விரியும். சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் சந்து விடாவிட்டால் அது மேலேதான் எழும்பும். என் ஹாலில் நடந்தது முதலாவதும் ஐந்தாவதும்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. நம் வராண்டாக்கள் மூன்றையும் பெயர்த்துப் புதிதாகப் போட ஒரு மதிப்பீடு வந்திருக்கிறது. பணம் நம் பொது நிதியிலிருந்து போக வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளுக்கொரு நாணயத்தோடு வாருங்கள். ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டி, பொள்ளலாகச் சத்தம் கேட்பதில் சாக்பீஸால் குறியிடுவோம். மூன்று நான்கைப் பெயர்த்துத் திருப்பிப் பார்ப்போம். காரணம் தெரியாமல் புதிதாகப் போட்டால், ஐந்து வருடம் கழித்து அதே செலவு மறுபடியும் வரும்.

எங்கள் ஹாலை அதே மேஸ்திரிதான் சரிசெய்தார், இம்முறை பசை வைத்து, சுவரோரம் சந்து விட்டு. அன்று சத்தம் போட்டதற்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.