ஒரு வாய் தண்ணீர்

ஒரு வாரமாக அந்தச் சிறுமிக்குப் பொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பிட்ஸ்பர்க் நகர டாக்டர் செவாலியர் ஜாக்சனிடம் கூட்டி வந்தார்கள்.

காரணம்? காஸ்டிக் சோடா! சோப்புக் காய்ச்ச, சாக்கடை அடைப்பு எடுக்க என்று அந்தக் கால அமெரிக்க வீடுகளில் சர்வ சாதாரணமாகக் கிடந்த சமாச்சாரம். பார்க்க அசல் சர்க்கரை. குழந்தை சும்மா இருக்குமா? உணவுக்குழாய் வெந்து, புண் ஆறும்போது தழும்பு விழுந்து சுருங்கிவிடும். கொடுமை என்னவென்றால், இது உடனே தெரியாது. சில வாரம் கழித்து முதலில் ரொட்டி சிக்கும், அப்புறம் கஞ்சி, கடைசியில் தண்ணீர். (உங்கள் வீட்டிலும் யாராவது 'நெஞ்சுல அடைக்குது' என்று அடிக்கடி சொன்னால், தண்ணீர் குடித்தாலே புரையேறினால், 'மெதுவா சாப்பிடு' என்று அதட்டிவிட்டுப் போகாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.)

ஜாக்சன் குழாயை விட்டுப் பார்த்தார். சுருங்கிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைப்பு. இடுக்கியால் எடுத்தார். டம்ளரில் தண்ணீர் வந்தது. பயந்து பயந்து ஒரு வாய்... இறங்கியது! இன்னொரு வாய்... டம்ளரை மெல்ல நகர்த்திவிட்டு, டாக்டரின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

டப்பாவில் 'விஷம்' என்று அச்சடிக்க என்ன பெரிய செலவு? என் பி.காம். மூளைக்கு அது எட்டவே இல்லை. ஆனால், அதற்காக ஜாக்சன் வருடக்கணக்கில் அலைந்தார். சட்டம் வந்தது 1927-ல்தான்!