கோட்டுப் பையில் வெளிநாடு போன ஹாம்ஸ்டர்

வெளிநாட்டுக்கு வீடு மாற்றும்போது நாயையோ பூனையையோ எப்படிக் கொண்டு போவது என்று கேட்டால், தடுப்பூசி, மைக்ரோசிப், விமானக் கூண்டு என்று ஆளாளுக்குப் பெரிய பட்டியலே தருவார்கள். அதே கேள்வியை ஒரு ஹாம்ஸ்டரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அட, அந்த எலியையா? இங்கேயே யாருக்காவது கொடுத்துட்டு, அங்கே போய் வேற ஒண்ணு வாங்கிக்கோ!" என்பார்கள்.

இவ்வளவு சுலபமாக "வேற ஒண்ணு" என்று சொல்ல முடிவதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஹாம்ஸ்டரில் பல வகைகள் உண்டு. அவற்றில் செல்லப்பிராணிக் கடைகளில் அதிகம் கிடைப்பது சிரிய ஹாம்ஸ்டர் எனப்படும் தங்க நிற வகை. லண்டனில் வாங்கினாலும் சரி, நியூயார்க்கில் வாங்கினாலும் சரி, அவை ஏறக்குறைய எல்லாமே ஒரே குடும்பத்தின் வாரிசுகள்! அந்தக் குடும்பம் உலகம் முழுக்கப் பரவியதற்கு எல்லை தாண்டிய சில பயணங்கள்தான் காரணம். அதில் முக்கியமான ஒரு பயணம் நடந்தது ஒரு மனிதரின் கோட்டுப் பைக்குள்.

சரி, கதைக்கு வருவோம்.

கதை ஒரு நோயில் தொடங்குகிறது. அந்த நோயின் பெயர் காலா அசார். மணல் ஈ கடிப்பதால் பரவும் இது, மண்ணீரலை வீங்க வைத்து ஆளையே கொல்லக்கூடியது. இதற்குக் காரணமான ஒட்டுண்ணியை 1903-ல் கண்டு சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் வில்லியம் லெய்ஷ்மன். இன்னொருவர் சார்லஸ் டோனவன். டோனவன் அதைக் கண்டது நம்ம சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வேலை பார்த்தபோதுதான். இரண்டு பேரின் பெயரையும் சேர்த்து அந்த ஒட்டுண்ணிக்கு 'லெய்ஷ்மேனியா டோனவனி' என்று பெயர் வைத்தார்கள்.

நோய்க் கிருமி கிடைத்துவிட்டது. ஆனால் அதைத் தொடர்ந்து ஆராய வேண்டுமானால் அதே நோய் தொற்றக்கூடிய ஒரு சிறிய விலங்கு வேண்டும். சீனாவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் 1920-களில் சீன ஹாம்ஸ்டரைப் பயன்படுத்தினார்கள். ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் இதே நோயை ஆராய்ந்துகொண்டிருந்த சால் ஆட்லரும் அதையே பயன்படுத்திப் பார்த்தார். ஆனால் ஒரு தொல்லை. சீன ஹாம்ஸ்டர்கள் கூண்டில் குட்டி போட மறுத்தன. ஒவ்வொரு முறையும் சீனாவிலிருந்தே வரவழைக்க வேண்டியிருந்தது.

பக்கத்திலேயே கிடைக்கும் ஹாம்ஸ்டர் ஏதாவது உண்டா என்று தேடியபோதுதான் சிரியாவின் அலெப்போ நினைவுக்கு வந்தது. 1839-லேயே ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அலெப்போவிலிருந்து வந்த ஒரு மாதிரியை வைத்து இந்த இனத்துக்குப் பெயர் சூட்டியிருந்தார். 1880-ல் அலெப்போவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த ஸ்கீன் என்பவர் சில ஹாம்ஸ்டர்களைத் தன்னோடு எடின்பரோவுக்குக் கொண்டு போனார். சொந்த ஊர் திரும்பும்போது செல்லப்பிராணியையும் கூட்டிப் போன கதைதான் அது! அவற்றின் சந்ததி சுமார் 30 வருடம் அங்கே வாழ்ந்தது. 1910 வாக்கில் அதுவும் அற்றுப் போனது.

ஆட்லர், விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனியிடம் உதவி கேட்டார். அஹரோனி அலெப்போவுக்குப் போனார். 1930 ஏப்ரல் 12 அன்று ஒரு கோதுமை வயலில் ஆட்களை வைத்துத் தோண்டினார்கள். சுமார் 8 அடி ஆழத்தில் ஒரு தாயும் 11 குட்டிகளும் கிடைத்தன.

அடுத்து நடந்ததைப் படிக்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டார்கள். மிரண்டு போன தாய் ஒரு குட்டியின் தலையைக் கடித்துக் கொன்றுவிட்டது. மற்ற குட்டிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அஹரோனி தாயை சயனைடு புட்டியில் போட்டுவிட்டார். இன்னும் கண் கூடத் திறக்காத குட்டிகளை அவரும் அவர் மனைவியும் கையால் ஊட்டி வளர்த்தார்கள். ஒரு ஹாம்ஸ்டருக்கு இடமாற்றம் என்றால் என்ன என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது இல்லையா? பயம் அதிகமானால் பெற்ற குட்டியையே கொன்றுவிடும் அளவுக்கு அதற்கு அது பெரிய அதிர்ச்சி.

அப்போது சிரியா பிரெஞ்சு ஆட்சிப் பொறுப்பில் இருந்தது. ஜெருசலேம் பிரிட்டிஷ் ஆட்சிப் பொறுப்பில் இருந்தது. ஆக, குட்டிகள் பிறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு எல்லையைத் தாண்டிவிட்டன. ஜெருசலேமில் மரக் கூண்டின் அடிப்பலகையைக் கடித்துத் துளை போட்டு 5 தப்பி ஓடின. கடைசியில் மிஞ்சியது 4 மட்டுமே. அந்தச் சகோதர சகோதரிகள் மூலம்தான் இனம் பெருகியது. ஒரே வருடத்தில் சுமார் 150 ஆகிவிட்டது! சீன ஹாம்ஸ்டர் செய்ய மறுத்ததை இது செய்துவிட்டது.

ஆட்லருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கவலை இன்னொரு பக்கம். இருப்பது ஒரே இடத்தில் ஒரே கூட்டம். அங்கே ஒரு நோயோ தீயோ வந்தால் எல்லாம் போச்சு. அதனால் வேறு நாடுகளிலும் கொஞ்சம் இருக்கட்டும் என்று நினைத்தார். 1931-ல் இங்கிலாந்து போனபோது சில ஹாம்ஸ்டர்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கன்னத்திலேயே இரண்டு பைகளோடு பிறந்து, தானியத்தை அதில் அடைத்துக்கொண்டு திரியும் பிராணி இது. அதையே ஒருவர் பையில் அடைத்துக்கொண்டு போனார் :-)

அங்கிருந்து வேகம்தான். லண்டன் விலங்கியல் கழகத்துக்குப் போயின. 1930-களின் கடைசியில் வீடுகளுக்கும் வந்தன. 1938-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. ஆராய்ச்சிக்காகக் கடல் தாண்டியவை குழந்தைகளின் செல்லப்பிராணி ஆகிவிட்டன.

இப்போது ஒருவர் ஆட்லர் மாதிரி பையில் போட்டுக்கொண்டு போக முடியுமா? முடியாது. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு ஒரு ஹாம்ஸ்டரைக் கொண்டு போனால் 4 மாதம் தனிமைக் காப்பில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து போனால் அது தேவையில்லை. ஆஸ்திரேலியாவுக்குள் செல்லப்பிராணியாகக் கொண்டு போகவே முடியாது. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்திலும் தடை. தப்பி ஓடினால் அந்தத் தட்பவெப்பத்தில் காட்டிலேயே பெருகி, பயிரையும் உள்ளூர் உயிர்களையும் அழித்துவிடும் என்ற பயம்தான் காரணம். ஜெருசலேமில் கூண்டைக் கடித்துக்கொண்டு ஓடிய அந்த ஐந்தை நினைத்துப் பார்த்தால் இந்தப் பயம் வேடிக்கையாகத் தெரியாது.

இரண்டாவது காரணம் நோய். 2003 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்து சுமார் 800 சிறு பாலூட்டிகள் செல்லப்பிராணி வியாபாரத்துக்காக அமெரிக்காவின் டெக்சாஸுக்கு வந்தன. அவற்றில் பெரிய காம்பிய எலிகளும் இருந்தன. கூடவே குரங்கம்மைக் கிருமியும் வந்தது! அந்த எலிகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்த பிரெய்ரி நாய்களுக்கு அது தொற்றியது. (பெயர்தான் நாய். அதுவும் எலி, அணில் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.) அவற்றை வாங்கியவர்களுக்கும் தொற்றியது. 6 மாநிலங்களில் 47 பேர் பாதிக்கப்பட்டார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை. அதன் பிறகு ஆப்பிரிக்க எலியினங்களை அமெரிக்காவுக்குள் கொண்டு வரத் தடை வந்தது.

2022 ஜனவரியில் ஹாங்காங்கில் நடந்தது இன்னும் சோகம். நெதர்லாந்திலிருந்து இறக்குமதியான ஹாம்ஸ்டர்களிடம் கொரோனா கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. கடை ஊழியர் ஒருவருக்கும் தொற்றியிருந்தது. சுமார் 2000 சிறு பிராணிகளைக் கொல்ல அரசு முடிவு செய்தது. சமீபத்தில் ஹாம்ஸ்டர் வாங்கியவர்கள் அதைக் கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னது. "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று சமாதானம் சொல்ல முடியாத குழந்தைகள் எத்தனை வீட்டில் இருந்திருப்பார்கள்!

ஆக, இந்த விதிகள் யாரோ அதிகாரி உட்கார்ந்து பொழுதுபோகாமல் எழுதியவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தப்பித்தலோ தொற்றோ இருக்கிறது. ஆனால் விதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹாம்ஸ்டரின் ஆயுளே 2 முதல் 3 வருடம்தான். 4 மாதத் தனிமைக் காப்பு என்பது 2 வருடம் வாழும் பிராணிக்கு ஆயுளில் ஆறில் ஒரு பங்கு! 60 வருடம் வாழும் மனிதனை 10 வருடம் அடைத்து வைப்பது மாதிரி.

அதனால் வெளிநாடு போகும்போது நம்பகமான ஒருவரிடம் அதை விட்டுவிட்டுப் போவது பல நேரம் அன்பு இல்லாத காரியம் அல்ல, அன்பான காரியம்தான். "அங்கே வேற ஒண்ணு" என்று அலட்சியமாகச் சொல்வதும் இதுவும் ஒன்று இல்லை. முதலாவதில் அது ஒரு பொருள். இரண்டாவதில் அது ஒரு உயிர்.

கடைசியாக ஒரு செய்தி. இத்தனை நாடு சுற்றிய ஹாம்ஸ்டரின் காட்டு உறவினர்கள் அலெப்போவைச் சுற்றியும் துருக்கியின் தென் எல்லையை ஒட்டியும் உள்ள வயல்களில் மட்டுமே வாழ்கின்றன. பயிரைத் தின்கிறது என்று விவசாயிகள் விஷம் வைக்கிறார்கள். 2011-ல் தொடங்கிய சிரியப் போர் அந்த மண்ணையும் விட்டுவைக்கவில்லை. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. வெளிநாடு போன பிள்ளைகள் ஊரெல்லாம் பெருகிவிட, சொந்த ஊரில் இருப்பவை குறைந்துகொண்டே வருகின்றன.