பித்தளை வாத்தியங்கள்: விலை குறைவது எங்கே, தரம் குறைவது எங்கே?

இல்ல மெய்வல்லுநர் போட்டி, பரிசளிப்பு விழா, விருந்தினர் வரவேற்பு என்று பாடசாலைகளின் பாண்ட் வாத்தியக் குழுக்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. போரிலும் இடப்பெயர்விலும் உடைமைகளை இழந்த பாடசாலைகளுக்குப் பழைய மாணவர்களும் புலம்பெயர் உறவுகளும் வாத்தியம் வாங்கிக் கொடுக்க முன்வரும்போது ஒரு கேள்வி எழும்: ஒரே தொகைக்கு மூன்று நல்ல ட்ரம்பெட் வாங்குவதா, பத்து மலிவான ட்ரம்பெட் வாங்குவதா? இதற்கு விடை காண, தயாரிப்பாளர் எந்த இடத்தில் செலவைக் குறைத்தார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

உலோகம்

பித்தளை, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலப்புலோகம். ட்ரம்பெட்டுகளில் பெரும்பாலும் காணப்படுவது 70 வீதம் செம்பும் 30 வீதம் துத்தநாகமும் கொண்ட மஞ்சள் பித்தளை. எங்கள் நிலங்களில் இன்றும் கிடைக்கும் துப்பாக்கி ரவைக் கோதுகளும் பொதுவாக இதே கலவைதான். வெடிக்காமல் நீட்டவும் தட்டவும் இணங்குவதால் இரண்டுக்கும் இது தெரிவானது.

ஒரு ட்ரம்பெட்டின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே விலையின் பெரும் பங்கு உலோகத்துக்கானது அல்ல, வேலை நேரத்துக்கானது. செலவைக் குறைப்பவர் முதலில் கைவைப்பதும் அந்த நேரத்தில்தான்.

வால்வு

வால்வு பொறிமுறைக்கு ஸ்டோல்செல், புளூமெல் என்ற இருவர் 1818இல் பேர்லினில் காப்புரிமை பெற்றனர். இன்றைய ட்ரம்பெட்டில் உள்ள வடிவத்துக்குப் பரிஸைச் சேர்ந்த பெரினே 1839இல் காப்புரிமை பெற்றார்.

உருளைக்கும் அதன் கூட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மனித மயிரிலும் மெல்லியது. அந்த அளவுக்கு இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்த நேரம் எடுக்கும். அதைச் சுருக்கினால் இடைவெளி கூடிக் காற்றுக் கசியும், அல்லது உருளை இறுகி நடுவில் நிற்கும். பழகும் பிள்ளை தன் மூச்சில்தான் குறை என்று நினைக்கும். கொஞ்ச நாளில் பழகுவதையே விட்டுவிடும்.

பற்றாசு

குழாய்கள் இயல்பாகப் பொருந்தாதபோது அவற்றை வலிந்து வளைத்துப் பற்றாசு பிடித்தால், அந்த இழுவிசை உலோகத்துக்குள் தங்கிவிடும். சிறு அடி பட்டாலும் ஒட்டு விடும். குழாயின் உள்ளே வழிந்த பற்றாசும் வெட்டிய விளிம்பின் பிசிறும் சுரத்தைக் கெடுக்கும். இவை வெளியே தெரிவதில்லை. மேலே பூசிய பளபளப்பு ஒட்டின் குறையையும் மறைத்துவிடும்.

கெடுதல் இல்லாத சிக்கனம்

விலை குறைந்ததெல்லாம் தரம் குறைந்ததல்ல. வெள்ளி முலாமுக்குப் பதிலாக அரக்குப் பூச்சு, ஒரே தகட்டில் தட்டி எடுத்த மணிவாய்க்குப் பதிலாக இரு துண்டுகளை இணைத்த மணிவாய், எளிய பெட்டி ஆகியவை பழகுநருக்குப் பாதகமில்லை. 1965இல் காற்று வாத்தியத் தயாரிப்பைத் தொடங்கிய ஜப்பானின் யமஹா, இயந்திரங்களின் துணையோடு பெருந்தொகையாகச் செய்யும்போதும் அளவு பிசகாமல் வைத்திருக்கலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பெயரை மட்டும் நம்ப முடியாது. ஒரே தொழிற்சாலையின் வாத்தியம் பல வணிகப் பெயர்களில் விற்பனைக்கு வருவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

• எண்ணெய் இட்டபின் ஒவ்வொரு வால்வையும் நேராகவும் சற்றுச் சரித்தும் அழுத்துங்கள். உடனே மேலே வர வேண்டும்.

• வால்வை அழுத்தாமல் அதன் இழுகுழாயை வெளியே இழுத்து, சில வினாடி கழித்து வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்ற ஒலி கேட்டால் காற்று கசியவில்லை.

• மூன்றாம் இழுகுழாய் இலகுவாக நகர வேண்டும். முதலாம், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது சுரம் சற்று உயர்ந்துவிடும். இந்தக் குழாயை நீட்டித்தான் அதைச் சரிசெய்யலாம்.

• உருளை, வில், தக்கை போன்ற உதிரிப்பாகங்கள் தனியாகக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

• பழைய வாத்தியமானால் ஊதுவாய் பொருந்தும் குழாயைப் பாருங்கள். அங்கே இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் துத்தநாகம் அரிக்கப்பட்டுக் குழாய் உள்ளிருந்து இற்றுவருகிறது.

பத்து மலிவான வாத்தியங்களில் பழுதானவற்றுக்குப் பாகம் கிடைக்காவிட்டால் அவை களஞ்சிய அறைக்குத்தான் போகும். நன்றாகப் பராமரித்த பழைய தரமான வாத்தியம், பெயர் தெரியாத புதியதைவிடப் பெரும்பாலும் மேல். அன்பளிப்புச் செய்பவர்கள் தொகையில் ஒரு பங்கை வால்வு எண்ணெய், கழுவும் தூரிகை, உதிரிப்பாகம், திருத்த வேலை ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம். உப்புக்காற்றும் வியர்வையும் பித்தளையை அரிக்கும் கரையோரப் பாடசாலைகளில், ஊதி முடித்ததும் ஈரத்தை வடித்துத் துடைப்பதையும் இடையிடையே வெதுவெதுப்பான நீரில் கழுவுவதையும் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்க வேண்டும்.