வழக்கமான உடல்நலப் பரிசோதனையும் எச்.ஐ.வி. தொற்றைத் தொடக்கத்திலேயே அறிதலும்

முழு உடல் பரிசோதனை செய்துகொண்டவர்களுள் பலர், எச்.ஐ.வி. சோதனையும் அதில் அடங்கியிருக்கும் என்று கருதுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறு இருப்பதில்லை. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல் தொடர்பான முடிவுகள் யாவும் இயல்பாக இருக்கும்போதே உடலில் எச்.ஐ.வி. இருக்கக்கூடும். அதற்கென உள்ள தனிச் சோதனை மட்டுமே தொற்றை உறுதிப்படுத்தும். இச்சோதனைக்கு உரியவரின் ஒப்புதல் சட்டப்படி தேவை. எனவே, உடல்நலப் பரிசோதனைக்குச் செல்லும்போது நாமே கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

அறிகுறிகளுக்காகக் காத்திருக்கலாமா?

காத்திருத்தல் கூடாது. தொற்று ஏற்பட்ட 2 முதல் 4 வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தோல் தடிப்பு தோன்றும். சாதாரணக் காய்ச்சலைப் போலவே அவை தாமாக மறைந்துவிடும். பின்னர்ப் பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் இராது. ஆயினும் நோய் எதிர்ப்புக்கு இன்றியமையாத சிடி4 அணுக்கள் படிப்படியாகக் குறைந்துவரும். காசநோய், நீடித்த வயிற்றுப்போக்கு, வாய்ப்புண் போன்றவை தோன்றிய பின்னரே சோதனைக்கு வருவோருக்கு எதிர்ப்பாற்றல் பெரிதும் குறைந்திருக்கும்.

யார் செய்துகொள்ள வேண்டும்?

• கருவுற்ற பெண்கள் அனைவரும்
• காசநோய் அல்லது பால்வினை நோய் உள்ளவர்கள்
• தொற்றுள்ளவரின் வாழ்க்கைத்துணையும் குழந்தைகளும்
• பாதுகாப்பற்ற உடலுறவு கொண்டவர்கள், ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள்
• தம் நிலையை அறிய விரும்பும் எவரும்

எங்கே, எவ்வாறு?

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் சோதனையும் இலவசம். முதற்கட்டச் சோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்தாலும் அது இறுதி முடிவன்று; மேலும் வெவ்வேறு சோதனைகள் செய்த பின்னரே உறுதிசெய்யப்படும்.

தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனையில் அது புலப்படாமல் போகலாம். இதனைச் சாளரக் காலம் என்பர். அண்மையில் ஆபத்தான தொடர்பு நேர்ந்திருப்பின், முடிவு ‘தொற்று இல்லை’ என வந்தாலும் 3 மாதங்கள் கழித்து மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். தொடர்பு நேர்ந்து 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அணுகினால், 28 நாள் தடுப்பு மருந்து பெறுவது குறித்து அவர் முடிவுசெய்வார்.

தொற்று உறுதியானால்

இந்தியாவில் 2017 முதல், சிடி4 எண்ணிக்கை எவ்வளவாயினும், தொற்று உறுதியானவுடன் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கப்படுகிறது. அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இம்மருந்துகள் இலவசம். நாள்தோறும் தவறாது மருந்து உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவிற்குக் குறைந்த நிலையைத் தொடர்ந்து காப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது. சிகிச்சை இல்லாவிடில் 100 குழந்தைகளுள் 15 முதல் 45 பேருக்குத் தாயிடமிருந்து தொற்று பரவக்கூடும். உரிய சிகிச்சையால் இதனை 5-க்கும் கீழாகக் குறைக்க இயலும்.

அச்சம் வேண்டாம்

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, சோதனை முடிவின் இரகசியத்தைக் காக்கிறது; வேலை, கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. ஐயங்களுக்கு 1097 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.