அன்னம்மாளின் விரல்: புத்தளக் கரையிலிருந்து பழங் கிறித்தவ ஓவியத்தை நோக்கல்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலே தலவில என்னும் ஊரில் ஆண்டுதோறும் தமிழரும் சிங்களவருமாகத் திரளுகின்ற மக்கள் வணங்குவது மரியாளின் தாயாகிய புனித அன்னம்மாளை. நால்வகை நற்செய்திகளில் எதிலும் அன்னம்மாளின் பெயர் இல்லை. இரண்டாம் நூற்றாண்டினதாகிய யாக்கோபின் முதல் நற்செய்தி எனும் நூலே, நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய அவளது கதையைக் கூறுகின்றது. திருமறையில் இடம்பெறாத அந்நூலின் கதையைப் பரப்பியவற்றுள் ஓவியத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆதலின் அன்னம்மாளை அறிய விரும்புவோர் பழைய ஓவியங்களைப் படிக்கவுங் கற்றல் வேண்டும்.

நூபியாவின் பராஸ் பேராலயச் சுவரில் எட்டாம் நூற்றாண்டையொட்டித் தீட்டப்பெற்ற அன்னம்மாள் இதற்குத் தக்க சான்று. அசுவான் அணையின் நீரில் அவ்விடம் மூழ்குமுன், 1961 முதல் 1964 வரை போலந்து அறிஞர் அகழ்ந்து மீட்ட இவ்வோவியம் இன்று வார்சோ அரும்பொருளகத்தில் உள்ளது. அகன்ற விழிகள், நிழலற்ற முகம், உதட்டின்மீது வைத்த ஒரு விரல். அவ்விரலின் பொருள் யாது? மௌனம் என்பர் சிலர். ஒலியின்றிச் செய்யும் வேண்டுதல் என்பர் வேறு சிலர். ஓவியம் இருந்த இடமும் கருதத்தக்கது. அது பெண்கள் நின்று வழிபட்ட வடபுறப் பகுதியில் இருந்தது. மகவு வேண்டி நின்ற பெண்டிர்க்கு அவ்விரல் வேண்டுதலின் குறியாகவே பட்டிருக்கும் எனல் பொருந்தும். உருவை அது நின்ற இடத்தினின்று பிரித்து நோக்கின் பொருள் பாதியாகிவிடும்.

இத்தகைய ஓவியங்களைத் திறமைக் குறைவின் விளைவென இகழ்ந்தோர் உளர். 1550 இல் ஓவியர் வரலாறு எழுதிய வசாரி, கிரேக்கப் பாணி எனத் தாம் அழைத்த பைசாந்திய முறையை முரடானதெனக் கண்டார். இக்கணிப்பே நம் பாடநூல்களிலும் நெடுநாள் நிலவியது வருந்தத்தக்கது. இராவென்னாவின் புறநகரான கிளாசேயில் 549 இல் அபிடேகம் பெற்ற ஆலயத்தின் மொசைக் ஓவியத்தில், விண்மீன்களிடையே மணிகள் பதித்த சிலுவையொன்று நிற்கின்றது. அதனை நோக்கி மூன்று ஆடுகள். ஆடுகளை ஆடுகளாகவே கொள்பவர் அதனை மேய்ச்சற் காட்சி என்பர். உண்மையில் அவை பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகியோர்; காட்சியோ இயேசு மலைமீது உருமாறியது. அகப்பாட்டின் கருப்பொருளில் உள்ளுறை காணப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. தெகல்தொறுவை விகாரைச் சுவரில் வரிசை வரிசையாக ஓடும் சாதகக் கதைகளைக் கண்டோர்க்கும், தூரமும் நிழலும் இன்றி ஓவியம் பேசும் என்பது விளங்கும்.

ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்பார் இலங்கையில் பாரசீகக் கிறித்தவரின் திருச்சபை இருந்தமையைக் குறித்தார். 1912 இல் அநுராதபுரத்தில் அகப்பட்ட, கல்லிற் செதுக்கிய சிலுவை, முதலில் போர்த்துக்கேயருடையதெனக் கருதப்பட்டது. அடியில் இருபுறமும் இலைகள் விரிய, கிறித்துவின் உடல் இன்றி நிற்கும் அதன் அமைப்பே அதனைப் பாரசீக மரபினதாகக் காட்டியது. இங்கு வடிவத்தைப் படித்தமையால் காலக்கணிப்பே மாறிற்று.

உருவம் வேண்டுமா, வேண்டாமா என்ற பூசல் பைசாந்தியத்தில் 726 அளவில் தொடங்கி 843 இல் ஓய்ந்தது. இடையே 787 இல் நிக்கேயாச் சங்கம், திருவுருவுக்குரிய வணக்கம் வேறு, இறைவனுக்கே உரிய ஆராதனை வேறு எனப் பிரித்தது. புத்தளக் கரையும் இதையொத்த பூசலொன்றைக் கண்டது. 1658 இல் போர்த்துக்கேயர் இலங்கையை இழந்தபின் ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். கற்பிட்டியில் 1706 இல் அவர்கள் எழுப்பிய கோயில், திருவுருவங்களை விலக்கி மறைமொழிக்கு முதன்மை தந்த கல்வினிய மரபினது. அவ்வெறுமையும் ஒரு கூற்றே. அதனை வறுமையெனக் கொள்ளலாகாது. அதற்கு முன்னரே, 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசே வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் ஆட்சிக்கு அப்பாற்பட்டுக் கண்டி மன்னரின் ஆணைக்குட்பட்டிருந்த புத்தளத்தில் தங்கித் தொண்டாற்றி, 1692 இல் கண்டி சென்றார்.

தலவில அன்னம்மாளின் திருச்சுரூபத்தை, மரத்தடியில் உறங்கிய வறிய ஐரோப்பியர் ஒருவரோடு இணைக்கும் மரபுக்கதை அக்கரையில் இன்றும் வழங்குகின்றது. தட்டையான படத்தையே பெரிதும் போற்றிய கீழைத் திருச்சபையின் வழியில் அன்றி, முழுவுருவச் சுரூபம் செய்யும் மேலை மரபின் வழியிலேயே அவள் இங்கு வந்தாள். மகவு வேண்டி அவள்முன் நிற்கும் பெண்டிரோ பராஸில் நின்றவர்களின் வேண்டுதலையே இங்கும் வேண்டுகின்றனர்.