மடிக்கணினியின் மூளையை மாற்றிய காலம்



ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுக்கட்டும் வேலையை அறியாதவர் நம்மில் சிலரே இருப்பர். இளங்கன்றின் அடிப்பட்டையைக் கீறி, நன்றாகப் பால் தரும் மரத்தின் மொட்டை அதில் வைத்துக் கட்டுவார்கள். ஒட்டுப் பிடித்ததும் கன்றின் தலையை வெட்டிவிடுவார்கள். வேர் பழையது, அதன்மேல் வளர்வது புதியது. மடிக்கணினியிலும் இப்படி ஒன்றைச் செய்யக்கூடிய காலம் இருந்தது. பழைய உடலை வைத்துக்கொண்டு, மூளையை மட்டும் மாற்றினார்கள். அந்தக் காலம் எவ்வாறு வந்தது, ஏன் போயிற்று, அதனால் நமக்கு என்ன என்பதை இன்று பார்ப்போம்.

கணினியின் மூளை என்று நாம் சொல்வது செயலியை. கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் ஆகிய வேலைகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடிக்கணக்கில் செய்யும் சிறு சில்லு அது. அமெரிக்காவின் இண்டெல் நிறுவனம் 1971-ஆம் ஆண்டில் 4004 என்னும் செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிசிக்காம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கணக்கிடும் கருவிக்காக உருவானது அது. அதில் இருந்த டிரான்சிஸ்டர்கள் ஏறத்தாழ 2,300. விரல் நகத்தைவிடச் சிறிய அந்தச் சிலிக்கான் துண்டிலிருந்துதான் இன்றைய கணினிகளின் வரலாறு கிளைத்தது.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1972-இல் பினாங்கில், முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், பாயான் லெப்பாஸ் தடையில்லா வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. இண்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை அங்கேதான் எழுந்தது. அதே காலத்தில் ஏ.எம்.டி. நிறுவனமும் அங்கு வந்து சேர்ந்தது. மலாய், சீன, இந்தியப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தனர். தோட்டத்து லயங்களிலிருந்து சென்ற நம் பெண்களும் அவர்களில் இருந்தனர். நுண்ணோக்கியில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளால் சில்லையும் அதன் அடிப்பலகையையும் இணைக்கும் வேலையை நாள் முழுதும் செய்தார்கள். பிற்காலத்தில் வந்த இண்டெல் செயலிகள் பலவற்றின்மேல் ‘மலாய்’ என்ற சொல் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மலேசியாவில் இணைத்து முடிக்கப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இனி, மாற்றிப் பொருத்தும் கதைக்கு வருவோம். 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனியாள் கணினியில், செயலிக்குப் பக்கத்தில் ஒரு காலியிடம் விட்டிருந்தார்கள். கடினமான கணக்குகளுக்கு உதவும் 8087 என்ற துணைச் சில்லைப் பின்னால் வாங்கி அதில் செருகலாம். இப்படிச் செருகும் இடத்திற்குச் சாக்கெட் என்று பெயர். 1992-இல் இண்டெல் நிறுவனமே ‘ஓவர்டிரைவ்’ என்ற பெயரில், பழைய கணினியை வேகப்படுத்தும் மாற்றுச் செயலிகளை விற்கத் தொடங்கியது.

இவையெல்லாம் பெரும்பாலும் மேசைக்கணினிகளுக்கே உதவின. தொடக்கக் கால மடிக்கணினிகள் பலவற்றில் செயலியைப் பலகையோடு பற்றவைத்தே விட்டார்கள். 2003-இல் பெண்டியம் எம் செயலியும், 2006-இல் கோர் டுவோ செயலியும் வந்தன. அந்த ஆண்டுகளில் நடுத்தர அளவுள்ள மடிக்கணினிகள் பலவற்றில் செயலி சாக்கெட்டிலேயே அமர்ந்திருந்தது. ஒரு திருகைச் சிறிது திருப்பினால் பிடி தளரும். செயலியை விரலால் தூக்கி எடுத்துவிடலாம்.

2006-இல் லெனோவோ நிறுவனம் வெளியிட்ட திங்க்பேட் டி60 மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். ஐ.பி.எம்.மின் கணினித் தொழிலை லெனோவோ 2005-இல் வாங்கியிருந்தது. டி60 முதலில் கோர் டுவோ செயலியோடு வந்தது. அவற்றுள் ஒன்றான டி2300 செயலியின் வேகம் 1.66 கிகாஹெர்ட்ஸ். அதே ஆண்டின் பிற்பகுதியில் அதே சாக்கெட்டில் அமரும் கோர் 2 டுவோ வந்தது. அவற்றுள் டி7200 செயலியின் வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டர்கள் 15 கோடியிலிருந்து 29 கோடியாக உயர்ந்தன. வேகத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் இருந்தது. பழையது 32 பிட் செயலி. புதியது 64 பிட் செயலி. பின்னாளில் புதிய மென்பொருள்கள் ஒவ்வொன்றாக 32 பிட் கணினிகளைக் கைவிட்டன. அப்போது செயலியை மாற்றிக்கொண்ட டி60 கணினிகள் 64 பிட் லினக்ஸை ஏற்று மேலும் பல ஆண்டுகள் உழைத்தன.

ஆனால் எந்த மொட்டும் எந்த அடிமரத்திலும் பிடித்துவிடாது அல்லவா? இங்கேயும் அப்படித்தான். முதலாவது, சாக்கெட் ஒத்திருக்கவேண்டும். 2007-இல் வந்த அடுத்த சாக்கெட்டிலும் 478 ஊசிகளே; ஆயினும் அவற்றின் அமைப்பு வேறு, ஆகவே ஒன்றுக்கு உரியது மற்றொன்றில் சேராது. இரண்டாவது, கணினியை எழுப்பிவிடும் பயோஸ் என்னும் அடிப்படை மென்பொருள் புதிய செயலியை அறிந்திருக்கவேண்டும். டி60-இல் பழைய செயலி இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்துக்கொள்வது அவசியமாயிற்று. மூன்றாவது, வெப்பம். டி2300 செயலிக்கு 31 வாட். டி7200 செயலிக்கு 34 வாட். விசிறி அதைத் தாங்கியது. அதைவிட மிகுதியான வெப்பம் தருவதைப் பொருத்தினால், கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செயலிக்கும் வெப்பத்தை வாங்கும் உலோகத்துக்கும் இடையே பழைய பசையைத் துடைத்துப் புதிய பசை இடவேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஓர் எல்லை இருந்தது. டி60-இன் பலகையிலுள்ள சில்லுத் தொகுதியால் ஏறத்தாழ 3 கிகாபைட் நினைவகத்தை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. மூளை மாறினாலும் முதுகெலும்பு பழையதுதானே!

பிறகு மெலிந்த கணினிகளின் காலம் வந்தது. 2008-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர் வெளியாயிற்று. 2011-இல் இண்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரில் மெல்லிய மடிக்கணினிகளை ஊக்குவித்தது. சாக்கெட் சில மில்லிமீட்டர் உயரத்தைக் கூட்டும், செலவையும் கூட்டும். ஆகவே செயலியைப் பலகையில் நேரே பற்றவைத்தார்கள். 2013-இல் வந்த நான்காம் தலைமுறை கோர் செயலிகளே, மடிக்கணினிக்கென்று இண்டெல் சாக்கெட்டில் தந்த கடைசி வரிசை. மேசைக்கணினிச் செயலியைத் தாங்கிய சில பருத்த கணினிகள் மட்டும் விலக்கு. பின்னர் நினைவகத்தையும் பலகையோடு பற்றவைக்கும் பழக்கம் பரவியது.

கணினி மெலிந்தது, மின்கலம் நீண்ட நேரம் நின்றது, இவை நன்மைகளே. இழந்தது என்ன? வாங்கியவன் கையில் இருந்த உரிமை குறைந்தது. வசதியுள்ளவன் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்குவான். நாட்கூலியில் மிச்சம் பிடித்து வாங்கும் குடும்பத்துக்கோ ஒரு பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதே கேள்வி. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் திரைக்கு வந்தபோது, வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருப்பதும் இல்லாததும் பிள்ளையின் படிப்பையே தீர்மானித்தது.

ஆகவே நாம் மனத்தில் கொள்ளவேண்டியவை இவை. பழைய மடிக்கணினி வாங்குமுன், நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் கழற்றி மாற்ற இயலுமா என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். சுழலும் வட்டை எடுத்துவிட்டு, சுழலாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துவது பெரும்பாலும் செயலியை மாற்றுவதைவிட மிகுந்த பயன் தரும், வேலையும் எளிது. சாக்கெட் உள்ள பழைய கணினி கிடைத்தால், அதே மாதிரிக் கணினியில் தயாரிப்பாளரே பொருத்தி விற்ற செயலிகளை மட்டும் நாடுவோம். திறக்குமுன் மின்கம்பியையும் மின்கலத்தையும் கழற்றிவிடுவோம்.

பழுதுபார்க்கும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. 2021-இல் பிரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம், செயலியோடு கூடிய பலகையை முழுதாகக் கழற்றி மாற்றக்கூடிய மடிக்கணினியை வெளியிட்டது. கேட்பவர் பெருகினால் செய்பவரும் பெருகுவர். நுண்ணோக்கியில் கண் வைத்து உலகத்துக்குச் சில்லுகளை இணைத்துத் தந்த பெண்களின் பேரப்பிள்ளைகள், அந்தச் சில்லு இருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்க அஞ்சவேண்டியதில்லை.