பால்மரத்தில் ஒரு பேஸ் கித்தார்

லியோ ஃபெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்தவர் அவர். பழுதுக்கு வந்த பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டது அவருடைய படிப்பு. 1951இல் அவருடைய பட்டறையிலிருந்து வெளிவந்த ‘பிரசிஷன் பேஸ்’தான் உலகம் பரவலாகக் கையில் எடுத்த முதல் மின் பேஸ் கித்தார். அதற்கு முன்பே, 1930களில், சியாட்டிலில் பால் டட்மார்க் என்ற ஹவாய் கித்தார் ஆசிரியர் ‘ஆடியோவாக்ஸ் 736’ என்று ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்திருக்கிறார். கொஞ்சம்தான் விற்றது. உலகம் அவரை மறந்துவிட்டது.

ஜுருவில் இளைஞர்கள் யாராவது என்னிடம் “அண்ணே, சொந்தமா ஒரு பேஸ் செய்யணும், எங்கருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்டால், நான் ஃபெண்டரிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அளவுகளும் ஆணிகளும் அப்புறம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த வாத்தியத்தைப் பெற்றெடுத்தது வாத்தியம் செய்யும் பரம்பரை அல்ல என்பது.

அதற்கு முன் பேஸ் என்றால் ஆளுயரத்தைத் தாண்டிய டபுள் பேஸ். சுமந்து போக ஒரு வண்டி வேண்டும். டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும் மேடையில் அதன் சத்தம் எடுபடாது. மெட்டுகள் கிடையாது, விரல் நூல் தவறினால் சுரம் தவறும். ஃபெண்டர் இதைப் பழுதுபார்ப்பவனின் புத்தியோடு அணுகினார். வயிறு வைத்த பெட்டி வேண்டாம், ஒரு கனத்த பலகை போதும். ஒலியைப் பெருக்கக் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. கம்பியின் நீளம் 34 அங்குலம். மெட்டு வைத்துவிட்டதால் சுரம் துல்லியமாக நிற்கும், ‘பிரசிஷன்’ என்ற பெயர் அதனால்தான் வந்தது. கழுத்தை உடலோடு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கினார். கழுத்து வளைந்துபோனால் கழற்றி வேறொன்றை மாட்டு, அவ்வளவுதான். வீட்டில் முதன்முதலாகப் பேஸ் செய்கிறவனுக்கு அந்த நான்கு ஆணிகள்தான் வாசல். கழுத்தைக் கடையில் வாங்கிக்கொண்டு உடலை மட்டும் தானே செய்யலாம்.

ஃபெண்டரின் வாத்தியத்தை வாங்க வழியில்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு இதைவிட முக்கியமான வரலாறு. 1950களின் நடுவில் பிரிட்டனில் ‘ஸ்கிஃபிள்’ என்றொரு இசை அலை அடித்தது. லோனி டோனகனின் பாடல் ஒன்று 1956இல் பெரும் வெற்றி பெற்றதும், பள்ளிப் பையன்களெல்லாம் குழு அமைத்தார்கள். ஒரு மலிவுக் கித்தார், துணி துவைக்கும் பலகை ஒன்று. பேஸுக்கு? ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் துளையிட்டு ஒரு கயிற்றைக் கோத்து, அதன் மறுமுனையை ஒரு துடைப்பக் கட்டையின் உச்சியில் கட்டிவிட்டார்கள். கட்டையைச் சாய்த்தால் கயிறு தளரும், நிமிர்த்தினால் இறுகும். அதுதான் சுரம். 1957 ஜூலை 6ஆம் தேதி லிவர்பூலின் வூல்ட்டன் தேவாலயத் திருவிழாவில் ‘குவாரிமென்’ என்ற பையன்கள் குழு வாசித்தது. பதினாறு வயது ஜான் லெனன் பாடினார். அன்றுதான் அவருக்குப் பால் மெக்கார்ட்னி அறிமுகமானார். அந்தக் குழுவில் பேஸ், ஒரு தேயிலைப் பெட்டி.

பீட்டில்ஸ் வரலாறு எழுதியவர்கள் இந்தப் பெட்டியைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. ஒரு வேடிக்கைத் தகவலாகத்தான். பெட்டி எங்கிருந்து வந்தது என்று யாரும் நின்று கேட்டதாக நான் படித்ததில்லை. ஓரங்களில் தகரப்பட்டை அடித்த, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய அந்த ஒட்டுப்பலகைப் பெட்டிகள் கப்பல் ஏறியது பெரும்பாலும் கல்கத்தாவிலும் கொழும்பிலும். கொழும்பில் ஏறிய பெட்டிகளுக்குள் இருந்தது மலையகத் தமிழ்ப் பெண்கள் கொழுந்து கிள்ளி, கூடையில் சுமந்து, நிறுத்துக் கொடுத்த தேயிலை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கி ஒன்பது வருடமாகியிருந்தது. பெட்டிக்குப் போகுமிடம் இருந்தது, முத்திரை இருந்தது. பெட்டியை நிரப்பியவர்களுக்கு நாடு இல்லை. அந்தப் பெட்டி காலியானதும் ஒரு வெள்ளைக்காரப் பையன் அதைக் கவிழ்த்துப் பேஸ் ஆக்கினான். பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. குப்பையில் இசை இருப்பதைக் கண்டுகொண்டவன் அவன்.

நம் இலக்கியத்தில் அவனுக்கு ஓர் அண்ணன் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் இடையனைக் காட்டுகிறார். முதலில் அவன் தீக்கடைகோலின் நெருப்பால் துளையிட்ட குழலை ஊதுகிறான். அது சலித்துவிடுகிறது. உடனே குமிழ மரத்தின் உட்டுளையான கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, வில் போன்ற ஒரு யாழைத் தானே செய்து குறிஞ்சி வாசிக்கிறான். வண்டுகள் அதைத் தங்கள் இனத்தின் ஒலியென்று நினைத்துக் காது கொடுக்கின்றன. அந்தப் பாட்டு முழுக்கத் தொழில்முறைப் பாணனை நோக்கிச் சொல்லப்படுவது. பாணனின் பேர்பெற்ற யாழைப் பாடவந்த புலவர், நடுவழியில் ஆடு மேய்க்கிறவனின் நார் யாழுக்கும் இடம் கொடுத்தார் பாருங்கள், அதில் எனக்கு ஒரு மதிப்பு.

வாத்தியம் செய்வதற்கான சொற்களும் நம்மிடம் இருக்கின்றன. ஃபிரெட் என்பதை வீணைக்காரர்கள் மெட்டு என்கிறார்கள். பிரிட்ஜ், குதிரை. கம்பியை முறுக்கும் கட்டை, பிருடை. குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை, தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. பேஸ் செய்பவர்களும் இதே இரண்டு கட்சிதான். கழுத்து மரமே உடலின் நடுவாக ஓடிவருவது ஒரு வகை, ஃபெண்டரைப்போல இணைப்பது இன்னொரு வகை. ஏகாண்டத்துக்கு இருக்கும் மரியாதை ஒட்டுக்குக் கிடையாது. ஆனால் தொடங்குகிறவன் ஒட்டில்தான் தொடங்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. வீணையின் மெட்டுகள் மெழுகில் நிற்பவை. காதால் கேட்டு நகர்த்தி வைப்பார்கள், சில வருடங்களில் மறுபடி மேளம் கட்டுவார்கள். பேஸின் மெட்டுகள் மரத்தில் அறுத்துப் பதிப்பவை. அங்கே காதுக்கு முன்னால் கணக்கு வர வேண்டும். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 1581இல் ஒரு சுலப வழி சொன்னார்: மீதமிருக்கும் கம்பி நீளத்தைப் பதினெட்டால் வகுத்து அடுத்த மெட்டை வை. 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர் கம்பிக்கு இது முதல் மெட்டை 48 மில்லிமீட்டரில் வைக்கும். சரியான வகு எண் 17.817, அதன்படி 48.5 வர வேண்டும். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பன்னிரண்டாம் மெட்டுக்குப் போகும்போது அது 3 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

இந்தக் கணக்கின் பின்னால் இருப்பது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பிரிக்கும் முறை. தமிழில் இதை விரிவாக எழுதிப் போராடியவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். தொழிலால் சித்த மருத்துவர். 1916இல் பரோடா இசை மாநாட்டுக்குத் தன் பெண்களோடு போய் வீணையை வைத்து வாதிட்டார், 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். சுருதி இருபத்திரண்டு அல்ல, சம விகிதத்தில் இருபத்துநான்கு என்பது அவர் கட்சி. வித்வான்கள் பலர் ஏற்கவில்லை. அவர் சரியா தவறா என்பது வேறு விவாதம். பேஸின் கழுத்தில் கோடு கிழிக்கும்போது எனக்கு அந்த வைத்தியர் ஞாபகம்தான் வரும்.

மலாயாவுக்கு மின் கித்தார் மோகம் வந்தது 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் சிங்கப்பூரில் வாசித்த பிறகு. ஊருக்கு ஊர் ‘குகிரான்’ எனப்படும் கித்தார்க் குழுக்கள் முளைத்தன. 1960களின் இறுதியில் பினாங்கில் உருவான ‘எல்லிகேட்ஸ்’ குழுவின் முகம் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும். மலாய்ப் பாட்டால் நாடு முழுக்க வீட்டுப்பிள்ளைகளான தமிழ்ச் சகோதரர்கள். தோட்டப்புறத்தில் எங்களுக்குப் பேஸ் வந்து சேர்ந்தது வேறு வழியில்: ரேடியோவில், இளையராஜா பாட்டில். அவரே ஸ்டூடியோ கித்தாரிஸ்டாக இருந்து வந்தவர். பாடகரின் கீழே இன்னொரு பாட்டாக பேஸை ஓடவிட்டவர். பேஸின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிரும். லயத்துச் சுவரில் ஆணியில் தொங்கிய டிரான்சிஸ்டரின் உள்ளங்கையளவு ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகள் காதில் விழுந்தால், இல்லாத அடிச்சுரத்தை மூளையே போட்டுக்கொள்ளும். அப்படிப் பாதி கேட்டும் பாதி நாமே போட்டுக்கொண்டும் வளர்ந்தது எங்கள் பேஸ் ரசனை.

இப்போது மரம். ஜுருவில் இன்றைக்குத் தோட்டம் என்ற சொல் தமிழ்ப்பள்ளியின் பெயரில்தான் பளிச்சென்று தெரிகிறது. சுற்றிலும் தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை, டோல், கடல் உணவுக் கடைகள். ஆனால் தோட்டத்து மரம் எங்கும் போகவில்லை, பலகைக் கடையில் நிற்கிறது.

பால்மர விதைகள் பிரேசிலிலிருந்து இலண்டனுக்குப் போனது 1876இல். அங்கிருந்து ஆசியாவுக்கு. அதன்பின் நூறு வருடம் இந்த நாட்டில் அந்த மரத்துக்குக் கணக்கு இருந்தது, பாலுக்கு மட்டும். எத்தனை மரம் வெட்டினாய், எத்தனை ராத்தல் பால் என்று எழுதிக்கொண்டார்கள். இருபத்தைந்து முப்பது வருடத்தில் பால் வற்றியதும் மரம் விறகு. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டிலும் செங்கல் சூளையிலும் எரிந்தது. வெட்டிய சில நாளிலேயே நீலப்பூஞ்சணம் ஏறும், பூச்சி துளைக்கும் என்பதால் தச்சர்கள் தொடமாட்டார்கள். போரான் உப்பில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில், அதே மரம் மலேசியாவின் முக்கியமான ஏற்றுமதி நாற்காலியாகவும் மேசையாகவும் ஆனது. என் பாட்டி வாழ்நாளெல்லாம் வெட்டியது அந்த மரத்தைத்தான். அதில் செய்த ஒரு பொருள்கூட அவள் வீட்டில் இருந்ததில்லை.

புக்கிட் மெர்தாஜாமில் தளவாடம் செய்யும் அண்ணன் ஒருவரிடம் பலகை கேட்டேன்.

“பால்மரத்துலயா கித்தார்? நியாத்தோ எடுத்துட்டுப் போ தம்பி, கித்தார் கம்பெனிக்காரனே அதத்தான் போடுறான்.”

“தெரியும்ணே. எனக்குப் பால்மரம்தான் வேணும்.”

“ஒட்டுப்பலகைதான் கெடைக்கும். பால்வெட்டுன மரத்துல நீளமா எங்க கெடைக்குது?”

அவர் சொன்னது சரி. பால்மரப் பலகை சிறு துண்டுகளை விரல் கோத்ததுபோலப் பல்வைத்து ஒட்டியே வரும். உடலுக்கு அது போதும். 45 மில்லிமீட்டர் கனம், 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம். கழுத்துக்கு ஆகாது. நான்கு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும், அதைத் தாங்க நேரான நார் ஓடும் மரமும் உள்ளே ஓர் இரும்புக் கம்பியும் வேண்டும். ஆகவே கழுத்து கடையில் வாங்கியது. எந்த மரத்தில் எந்த ‘டோன்’ வரும் என்று விடிய விடியப் பேசுபவர்களிடம் நான் உட்காருவதில்லை. ஒலியை எடுப்பது காந்தம். மரம் வளையாமல் இருக்கிறதா, தோளை அறுக்காத எடையா, அதைப் பாருங்கள்.

பலகையை வாங்கியதும் அறுக்கக் கூடாது. நம்மூர்க் காற்றின் ஈரத்துக்கு அது பழக, மூன்று வாரமாவது வீட்டுக்குள் கிடக்கட்டும். பிறகு முதல் வேலை நடுக்கோடு. பலகையின் நடுவில் ஒரே ஒரு கோடு, கடைசிவரை அழியாமல். கழுத்துக் குழி, காந்தம், குதிரை எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டவை. கழுத்துக் குழியின் ஆழம் 5/8 அங்குலம். குழி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆணி இல்லாமலே கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் உடலும் கூட வர வேண்டும். குதிரைக்குத் துளை போடுமுன் கழுத்தை மாட்டி, இரண்டு ஓரக் கம்பிகளுக்குப் பதில் தையல் நூலை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் இரு பக்க விளிம்பிலும் ஒரே அளவு தள்ளி ஓடினால்தான் துளை. தலைப்பக்கக் கட்டையிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுவரை 17 அங்குலம், அங்கிருந்து குதிரைவரை இன்னொரு 17, கொஞ்சம் பின்னால் நகர இடம் விட்டு.

மின்வேலைக்கு நான் வெளியே போகவில்லை. பாயான் லெப்பாஸ் வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியபின் கரையின் இந்தப் பக்கமும் தொழிற்சாலைகள் பெருகி, தோட்டத்துப் பெண்கள் பலர் பால்வாளியை வைத்துவிட்டு ஷிப்ட் பஸ் ஏறினார்கள். என் சின்னம்மா அவர்களில் ஒருத்தி. இருபது வருடத்துக்கு மேல் பூதக்கண்ணாடிக்குக் கீழே ஈயம் வைத்தவர். யார் வீட்டு ரேடியோவுக்கு, எந்த நாட்டுக் காருக்கு என்று தெரியாமலே வைத்தவர். பேஸுக்குள் இருப்பது அவருக்கு விளையாட்டு: இரண்டு திருகு, ஒரு கப்பாசிட்டர், குதிரைக்கு ஓர் எர்த் வயர்.

“ஈயத்த இரும்புல தொடாதடா. வயரையும் காலையும் மொதல்ல சுட வை. சூடு ஏறுனதும் ஈயத்தக் காட்டு, தானா ஓடும். ஊதாத, ஊதுனா வெளுத்துப்போவும்.”

கடைசி இணைப்பு ஆறியதும் அவரே ஆம்ப்ளிஃபயரைப் போடச் சொன்னார். கம்பி ஒன்றுகூட இன்னும் மாட்டவில்லை. திருப்புளி முனையால் காந்தத்தின் தலையில் மெல்லத் தட்டினார். ஸ்பீக்கரில் ‘டொக்’ என்றது. “இது என்னத்துக்குடா?” என்று அப்போதுதான் கேட்டார். ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டைப் போட்டு, ஜேசுதாஸைக்கூடக் கவனிக்காமல் கீழே ஓடுவதை மட்டும் கேளுங்க சின்னம்மா என்றேன். பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.